கொத்தியும் மருத்துவிச்சியும்

பேயோட்டுதலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. யாருக்காக யார் பேயை ஓட்டினார், ஓட்டப்பட்ட பேய் யாரோடு சென்றது என்று வினவுவதே வரலாற்று மாணவன் செய்யத்தக்கது. யாழ்ப்பாணத்துக் கொத்தியை எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைப்பேற்று வீட்டைச் சூழ்ந்து நின்று தாயையும் சேயையும் வருத்தும் பேய் என்றே நம் பாட்டிமார் கொத்தியை அஞ்சினர். ஆயினும் 'கொத்தியாத்தை' எனத் தாயாக வணங்கியோரும் இக்குடாநாட்டிலேயே இருந்தனர். பேற்றுக்குக் காவலாய் நின்ற தெய்வமே பின்னர்ப் பேயாக இழிக்கப்பட்டது என ஆய்வாளர் கொள்வது பொருத்தமானதே. துடக்குக் கழியும் வேளையில் கொத்தியைக் கழித்துத் தன்னோடு கொண்டு செல்பவள் மருத்துவிச்சி. அவள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்தவள். தொப்புட்கொடியை அறுத்தவளும் குழந்தையை முதலில் ஏந்தியவளும் அவளே. வீடு தூய்மை பெற்றது. வீட்டின் அச்சமும் தீட்டும் அவள் தலையில் ஏறிச் சென்றன.

இது நமக்கு மட்டும் உரிய கொடுமையன்று. 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட சொசன் அரசு, ஆவிகளை ஆற்றுப்படுத்தும் 'முடாங்' என்னும் பூசாரிச்சிகளை மிகக் கீழான வகுப்பில் வைத்தது. தலைநகருக்குள் வாழவும் தடை விதித்தது. அரண்மனையில் நோய் கண்டபோதோ அவர்களே அழைக்கப்பட்டனர்! இன்று காலம் மாறிவிட்டது. 2024இல் வெளிவந்து, அந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் கண்ட 'பாம்யோ' என்னும் பேய்ப்படத்தில் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருத்தி இளம் முடாங்.

நம்மிடம் நிகழ்ந்தது வேறு. 1872இல் 'யாழ்ப்பாணச் சமயநிலை' எழுதிய ஆறுமுக நாவலர் உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வணக்கத்தையும் கடுமையாகச் சாடினார். பலி கொடுமை என்ற அளவில் அவர் கூற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் சாதியாசாரத்தை அவர் கைவிட்டாரல்லர். ஆட்டின் கழுத்துக்கு இரங்கிய சீர்திருத்தம் மருத்துவிச்சியின் தலைச்சுமையைக் காணவில்லை. மிசனரிமாருக்கோ எல்லாம் அஞ்ஞான இருள். அவர்களுள் மருத்துவர் சாமுவேல் கிறீன் தனித்து நிற்கிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அவர், 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றையும் தமிழில் தந்தார். 1898இல் இணுவிலில் மகளிர் மருத்துவமனை தோன்றியது. 1940களின் நடுப்பகுதியிற்கூட இலங்கையில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஐம்பதுக்கும் குறைவு. கொத்தி வருவதற்கு இடமில்லாமற் போயிற்று.

கொத்தி போனாள், அவளைச் சுமந்த குலத்தின் மீதிருந்த தீட்டு மட்டும் போகவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைய முயன்ற தாழ்த்தப்பட்ட மக்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். தடுத்து நின்றோருள் எத்தனை பேரை இவ்வுலகில் முதன்முதலாகத் தொட்டுத் தூக்கியது அம்மக்களுள் ஒருத்தியின் கை!