நித்தியகல்யாணி

நித்தியகல்யாணி: அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி. தாவரவியலார் வழங்கும் பெயர் கேத்தரான்தஸ் ரோசியஸ். தாயகம் மடகாஸ்கர் தீவு. இன்று வெப்பநாடுகள் எங்கும் தோட்டங்களிலும் தரிசுகளிலும் வளர்கிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்த தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில், மருந்துப் பயிராகவும் விளைகிறது.

பெயர்கள்

சுடுகாட்டுப்பூ, சுடுகாட்டு மல்லி, கல்லறைப்பூ என்ற பெயர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் பட்டிப்பூ என்பர். வங்கத்தில் நயனதாரா, இந்தியில் சதாபகார், தெலுங்கில் பில்ல கன்னேரு. கடையத்தில் வில்வவனநாதர் கோயில் அம்மனுக்கும் நித்தியகல்யாணி என்றே பெயர். 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்த பாரதியார் அச்சந்நிதிக்குச் சென்று வழிபட்டவர். அம்மன் பெயரே செடிக்கு வந்ததா, ஓயாது பூப்பதால் தனியே அமைந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

செடியமைப்பு

முழங்கால் முதல் இடுப்பு வரை உயரும். இலை எதிரெதிராக அமைந்து பளபளப்பாக இருக்கும். ஒடித்தால் பால் கசியும். மொட்டில் முறுக்கிக்கொண்டிருக்கும் ஐந்து இதழ்கள் விரிகையில் காற்றாடிபோல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இளஞ்சிவப்பு, வெள்ளை, நடுவில் செங்கண் உள்ள வெள்ளை ஆகிய மூன்றும் பழைய வகைகள். காய்கள் இரட்டையாகத் தோன்றும். முற்றி வெடித்தால் கடுகினும் சிறிய கரிய விதைகள் சிதறும். ஒருமுறை நட்ட வீட்டில் அடுத்த ஆண்டு நடவேண்டியதில்லை. சுவர் வெடிப்பிலும் சாக்கடை ஓரத்திலும் தானே முளைத்துக்கொள்ளும். கசப்பும் நஞ்சும் உள்ளதால் ஆடு மாடு கடிப்பதில்லை.

இப்பேரினத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது ஒன்றே: வயல்வெளிகளில் சிறு வெண்பூவுடன் காணப்படும் மிளகாய்ப்பூண்டு. மற்றவை யாவும் மடகாஸ்கரைச் சேர்ந்தவை.

வருகை

இச்செடியைப் பற்றிய முதல் ஐரோப்பியக் குறிப்பு, மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியேன் த பிளாக்கூர் 1658இல் வெளியிட்ட நூலில் உள்ளது என்பர். தூத்துக்குடி போர்த்துக்கீசரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் விதை பாரிஸ் வழியே லண்டன் செல்சித் தோட்டத்தை அடைந்தது; அங்கே பிலிப் மில்லர் வளர்த்தார். லின்னேயஸ் 1759இல் வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். பின்னர் ஐரோப்பிய வின்காவிலிருந்து பிரித்து இன்றைய பேரினத்தில் சேர்த்தவர் ஜார்ஜ் டான்.

இந்தியாவுக்குள் எக்காலத்தில், எத்துறைமுகம் வழியே நுழைந்தது என்பது முடிவாகவில்லை. போர்த்துக்கீசர் கொண்டுவந்தனர் என்ற கருத்து பரவலானது; பிரெஞ்சுத் தோட்டங்கள் வழியே வந்தது என்பாரும் உண்டு. பழைய நூல்கள் சில இதன் தாயகத்தை மேற்கிந்தியத் தீவுகள் என்று தவறாகக் குறித்தன.

எப்படியாயினும் வந்தேறிய செடிதான். ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில் சற்று மேற்கே உள்ள ஆதிச்சநல்லூர் தாழிக்காடு கி.மு. முதலாயிரத்தைச் சேர்ந்தது. அங்கே தாழி புதைத்தவர்கள் சுடுகாட்டுப்பூவைக் கண்டிருக்க வழியில்லை.

மருத்துவ வழக்கு

தமிழ் மூலிகை நூல்கள் பூவையும் வேரையும் மருந்தாகக் கூறுகின்றன. ஐந்தாறு பூக்களை அரை லிட்டர் நீரிலிட்டுப் பாதியாகக் காய்ச்சிக் குடித்தால் அதிதாகமும் சிறுநீரில் சர்க்கரையும் தணியும் என்பது பரவலான முறை. வெள்ளைப் பூவுக்கே குணம் மிகுதி என்ற நம்பிக்கையும் உண்டு. ஆய்வு முடிவுகள் இதில் ஒத்துப்போகவில்லை. செடி பிற்காலத்தில் வந்தது என்பதால், இம்முறைகளைப் பழஞ்சித்தர் மரபுடன் இணைப்பதில் ஆய்வாளர் தயக்கம் காட்டுவர். நீரிழிவுக்கு இதைக் குடிக்கும் வழக்கம் ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களிலும் இருந்தது. இங்கிலாந்தில் இதன் சாறு ‘வின்குலின்’ என்ற பெயரில் நீரிழிவு மருந்தாக விற்கப்பட்டது.

ஆய்வுக்காலம் (1952–1965)

நித்தியகல்யாணியின் வரலாற்றில் ஆவணங்கள் குவிந்திருப்பது இந்தச் சில ஆண்டுகளுக்கே.

1952இல் கனடாவின் டொராண்டோவில் இருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இருந்தவை இச்செடியின் 25 இலைகள். இன்சுலின் கிடைக்காதபோது அங்குள்ளோர் இதைக் கஷாயமாகக் குடிக்கின்றனர் என்ற செய்தியும் உடன் இருந்தது. கிளார்க் நோபிள் இன்சுலின் ஆய்வுக்கு அந்நியர் அல்லர். 1921இல் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பான்டிங்கிடம் உதவியாளராக முதலில் சேர்வது யார் என்று இவரும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் காசு சுண்டிப் பார்த்ததாகவும் பெஸ்ட் வென்றதாகவும் ஒரு கதை உண்டு. ஓய்வை நெருங்கிவிட்ட அவர் இலைகளை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார்.

சாற்றை வாய்வழி கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஊசி வழியே செலுத்திய எலிகளோ சில நாள்களில் தொற்றுநோய் கண்டு மடிந்தன. சோதித்ததில் இரத்த வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. தேடியது சர்க்கரை மருந்து. ஆனால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இப்பண்பே உதவக்கூடும் என்று ராபர்ட் நோபிள் கருதினார். வேதியியலர் சார்ல்ஸ் பியர் வெள்ளணுக்களைக் குறைத்த சாரத்தைப் பிரித்தெடுத்தார், அதுவே வின்பிளாஸ்டின். 1958இல் நியூயார்க் அறிவியல் கழகத்தில் அவர்கள் அளித்த கட்டுரையின் தலைப்பே ‘வேதிச் சிகிச்சையில் தற்செயல் கவனிப்புகளின் பங்கு’ என்ற பொருளுடையது. அறிவியல் கட்டுரைத் தலைப்புகளில் இத்தகைய அடக்கம் அரிது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடா பிலிப்பைன்ஸ் வழக்கைப் பின்தொடர்ந்து இதே செடிக்கு வந்து சேர்ந்தார். இரத்தப் புற்று கண்ட எலிகளின் ஆயுள் சாற்றால் நீள்வதை அவர் குழு கண்டது. 1961இல் வின்கிறிஸ்டினும் பிரிக்கப்பட்டு, 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. முதன்மை யாருக்கு என்பதில் இரு தரப்பு எழுத்துகளும் வெவ்வேறு அழுத்தம் தருகின்றன. இரண்டும் தனித்தனியே நடந்த கண்டுபிடிப்புகள் என்பதே பொதுக்கருத்து.

உயிரணு பிளவுபடும்போது நிறப்புரிகளை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் இம்மருந்துகள் தடுக்கின்றன. பிளவு பாதியில் நின்று அணு இறக்கிறது. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் நோய்க்கும், வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் வேறு மருந்துகளுடன் சேர்த்துத் தரப்படுகின்றன. அக்காலத்தில் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோன குழந்தைப்பருவ இரத்தப் புற்றில் இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கின்றனர். இதில் வின்கிறிஸ்டினின் பங்கு பெரிது என்றாலும் அது கூட்டுச் சிகிச்சையின் பலன். இவ்விரு மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன.

மடகாஸ்கருக்கு இதன் வருவாயில் பங்கு கிடைக்கவில்லை என்பது நெடுநாள் குறை. துப்பு கிடைத்தது ஜமைக்காவிலும் பிலிப்பைன்சிலும், செடியோ அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது என்று மறுதரப்பு கூறும்.

சாகுபடி

மருந்துச் சாரம் இலையில் மிகச் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்ற கணக்கு அடிக்கடி தரப்படுகிறது. வின்கிறிஸ்டினுக்கு இன்னும் பன்மடங்கு. எனவே ஆய்வகத்தின் வெற்றி புஞ்சை நிலத்தைத் தேடி வந்தது. ஏற்கெனவே நிலாவாரை இலையை ஏற்றுமதி செய்து பழகிய தூத்துக்குடி வணிகத்துக்கு இது புதிய சரக்காக அமைந்தது. இலை அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும், வேர் மேற்கு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்றன. வேரில் உள்ள அஜ்மலிசின் இரத்தக் கொதிப்பு மருந்துக்கு உதவுவது.

1873இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் பாயும் இடங்களில் நெல்லும் வாழையும்தான். நித்தியகல்யாணி அந்த நீர் எட்டாத மேட்டுநிலப் பயிர். விதையை மணலுடன் கலந்து மழையை ஒட்டித் தூவுவர். ஹெக்டேருக்குச் சுமார் 2.5 கிலோ. நாற்றுவிட்டு நட்டால் 500 கிராம் போதும். ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் இலை உருவி, ஓராண்டில் செடியை அறுத்தபின் உழுது வேரை எடுப்பர். கழுவி நிழலில் உலர்த்துவர். மானாவாரியில் ஹெக்டேருக்கு உலர்ந்த இலை சுமார் 2 டன், வேர் முக்கால் டன். பாசனத்தில் ஏறத்தாழ இருமடங்கு. நுனிக்கருகலும் சிற்றிலை நோயும் இதன் பகை. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் என்னும் வெண்பூ வகைகளை வெளியிட்டுள்ளது. 1984இல் சிப்ளா நிறுவனம் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்துடன் சேர்ந்து இரு மருந்துகளையும் உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை உருவாக்கியது.

தோட்டச்செடி

நாற்றுப்பண்ணைகளில் ‘வின்கா’ என விற்பவை பெரும்பாலும் அயல்நாட்டில் உருவாக்கிய குட்டைக் கலப்பினங்கள். நிறங்கள் பல, நீர் தேங்கினால் அழுகும். பழைய நாட்டுவகைக்கு வெயில் மட்டும் போதும்.

அண்மைக்காலம்

2018இல் செடி மருந்துச் சாரங்களை உருவாக்கும் வேதிப்படிகளில் விடுபட்டிருந்தவை கண்டறியப்பட்டன. 2022இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட ஆய்வாளர் குழு, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளான விண்டோலினையும் கேத்தரான்தினையும் ஈஸ்ட்டில் உண்டாக்கிக் காட்டியது. இது தொழில் அளவில் கைகூடினால் இலைக்கான தேவை குறையலாம். வேர் வணிகம் வேறு சாரத்தை நம்பியது. அதன் போக்கு தனி.

மருந்தாகப் பயன்படும் சாரங்கள் நஞ்சு என்பதால், இலையையோ வேரையோ மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்வது தகாது.