கிரியான் வட்டாரத் தமிழர் உணவும் நற்கொழுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் பாரிட் புந்தார். 1906ஆம் ஆண்டு நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் இவ்வட்டாரம் நெல்வயல்களுக்குப் பெயர்பெற்றது. எனினும், தமிழர் இங்குத் திரளாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரும்புத் தோட்டங்களின் பொருட்டேயாகும். பின்னர் இரப்பரும் தென்னையும் கரும்பின் இடத்தைப் பிடித்தன. இன்று மலேசிய இந்தியரிடையே மிகுந்து காணப்படும் மாரடைப்புக்கு மருத்துவர் குருதிக் கொழுப்பில் காரணம் தேடுகின்றனர். நாம் அதனை வரலாற்றிலும் தேட முற்படுகின்றோம்.

அரிசியும் உழைப்பும்

தோட்டத் தமிழரின் தலையாய உணவு புழுங்கலரிசிச் சோறு. தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியபொழுது, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரிதும் தப்பினர். பிராடன் 1907இல் தம் நூலில் அரிசியே இந்நோய்க்குக் காரணம் என வாதிட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் 1909இல் வெளியிட்ட ஆய்வு அத்தொடர்பை உறுதிப்படுத்தியது. உணவு வரலாறு உடல்நல வரலாறாகவும் அமையும் என்பதற்கு இது தக்க சான்று.

அச்சோற்றைச் செரிக்கவைத்தது உழைப்பு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பின் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியோர் அவர்கள். ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமெனக் கொள்வது பொருந்தாது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் லயங்களில் பல உயிர்களைப் பறித்தன.

ஆய்வுகள் காட்டுவன

சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரையிலான பிணக்கூறாய்வுப் பதிவுகளைப் பேராசிரியர் தனராஜும் குழுவினரும் ஆராய்ந்து 1959இல் வெளியிட்டனர். சீனரைவிட இந்தியரிடையே இதயத் தமனி நோய் பன்மடங்கு மிகுதி என அவர்கள் கண்டனர். ஆகவே, இந்நோயை இன்றைய நகர வாழ்வின் விளைவு என்று மட்டும் கூறவியலாது. அங்கேயே 1982-84இல் நடந்த மற்றோர் ஆய்வு, இந்தியரின் நற்கொழுப்பு (எச்.டி.எல்.) பிற இனத்தவரைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. தமனிச் சுவரில் தேங்கும் கொழுப்பைக் கல்லீரலுக்கு மீட்டுச் செல்வது இதன் பணி.

உடலில் இத்தகைய போக்கு இருக்க, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மூடப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. கெட்டிப்பால் தேநீரும் நெய் ஊற்றிய ரொட்டி சானாயும் அதனோடு சேர்ந்தன. தீட்டிய மாவுச்சத்து மிகும்பொழுது முக்கிளிசரைடு கூடி நற்கொழுப்பு குறையும்.

நற்கொழுப்பை உயர்த்தும் வழிகள் எளியவை. வாரம் 120 நிமிடமேனும் உடற்பயிற்சி செய்தல், இடுப்புச் சதையைக் குறைத்தல், புகைத்தலை விடுதல், பொரித்த பண்டங்களிலுள்ள மாறுபக்கக் கொழுப்பைத் தவிர்த்தல், சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பயறு, மீன், கொட்டை வகைகளைச் சேர்த்தல் என்பன அவை. தேங்காயெண்ணெய் நற்கொழுப்போடு தீய கொழுப்பையும் உயர்த்துவதால் அதனை அளவோடு கொள்ளல் வேண்டும். மதுவும் நற்கொழுப்பைக் கூட்டும். ஆயினும் கள்ளும் சம்சுவும் தோட்டக் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டை அறிந்த நாம் அதனை மருந்தெனப் பரிந்துரைக்கவியலாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. நற்கொழுப்பை மட்டும் உயர்த்திய மருந்துகள் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பதை 2006, 2011ஆம் ஆண்டுகளில் முடிவுற்ற சோதனைகள் காட்டின. எனவே நற்கொழுப்பின் அளவை வாழ்முறையைக் காட்டும் குறியாகவே கொள்ளல் தகும். தீய கொழுப்பைக் குறைக்க மருத்துவர் தரும் மாத்திரைக்கு அது மாற்றாகாது.

முடிவுரை

நம் முன்னோரின் தட்டு நம்மிடம் இருக்கின்றது. அவர்தம் உழைப்பு நம்மிடம் இல்லை. அவ்வுழைப்பு வறுமை சுமத்தியது. அது மீள வேண்டுமென நாம் விழையவில்லை. அதற்கு ஈடாக நாம் விரும்பி மேற்கொள்ளும் நடையும் அளவறிந்த உணவும் அமையலாம். தோட்ட வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர், முன்னோர் உண்டதையும் உழைத்ததையும் சேர்த்தே கற்பித்தல் நலம்.