உங்க வீட்டு சாமி படத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்து இருக்கா? - கேலண்டர் ஓவியர் கொண்டையராஜுவின் கதை

ஒரு நிமிஷம் போனை கையில் வைத்துக்கொண்டே வீட்டு பூஜை அறைக்குப் போங்க. பாட்டி வீடாக இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி ஃபிரேம் போட்டு, ஓரமெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பி, பழைய மீனாட்சி கல்யாணமோ முருகனோ லட்சுமியோ இருக்கும். படத்தின் கீழ் ஓரத்தை ஜூம் செய்து பாருங்க. பொடி எழுத்தில் ஒரு கையெழுத்து தெரிகிறதா? அது 'சி. கொண்டையராஜு' என்றிருந்தால், உங்க வீட்டில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது என்று அர்த்தம்.

மியூசியம் வாசலை மிதிக்காத லட்சக்கணக்கான தமிழர்கள் தினமும் காலையில் கும்பிட்டது இவர் வரைந்த முகங்களைத்தான். ஆனால், 'கொண்டையராஜு யார்?' என்று கேட்டால் பத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

துறவி ஆகப்போனவர், திரைச்சீலைக்கு வந்தார்!

கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். படித்தது சென்னை ஓவியப் பள்ளியில். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இன்று நாம் சொல்லும் எழும்பூர் கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். மனிதரை எதிரில் உட்காரவைத்து வரைவது, ஒளி-நிழல், தூரம்-பக்கம் என ஐரோப்பிய பாணிப் பயிற்சி அங்கே உண்டு.

படிப்பை முடித்தவர் நேராக வேலைக்குப் போய்விடவில்லை. ஆன்மிக நாட்டம் இழுக்க, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு அவருக்குச் சோறு போட்டது நாடக கம்பெனி. சினிமா ஊர் ஊராக வராத காலம் அது. அரண்மனை, காடு, தெரு, கைலாயம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் தொங்கவிட பெரிய பெரிய 'சீன்' திரைகள் வேண்டும். அதை வரைகிறவர் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும்.

1940-களின் தொடக்கத்தில் அப்படி வந்து இறங்கிய ஊர் கோவில்பட்டி. கம்பெனி அங்கேயே கலைந்துபோனது. நடிகர்கள் ஆளுக்கு ஒரு திசையில் கிளம்ப, கொண்டையராஜு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களோடு 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' தொடங்கினார். 1976-ல் மறையும்வரை கோவில்பட்டிதான் அவர் ஊர்.

சிவகாசிக்கு ஏன் சாமி படம் தேவைப்பட்டது?

கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாக பஸ் பிடித்தால் நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் சிவகாசி. இந்த தூரம்தான் அவர் வாழ்க்கையையே மாற்றியது.

சிவகாசி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை குறைந்த கரிசல் பூமி, விவசாயத்தை நம்ப முடியாத நிலை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டுமே? லேபிளுக்காக அச்சகம் வந்தது. பட்டாசு வந்தபோது லேபிள் தேவை இன்னும் கூடியது. காற்றில் ஈரப்பதம் குறைவு என்பதால் மருந்தும் சீக்கிரம் காயும், மையும் சீக்கிரம் காயும். லேபிள் அடித்துக் கைபழகிய ஊர், அடுத்து கையில் எடுத்ததுதான் கேலண்டர்.

இன்றும் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருஷத்து கேலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடைக்காரர்கள் அதைப் புரட்டி 'இந்தப் படம் ஆயிரம், அந்தப் படம் ஐந்நூறு' என்று ஆர்டர் கொடுப்பார்கள். படத்துக்குக் கீழே கடையின் பெயர் அச்சாகி, புது வருஷத்துக்கு வாடிக்கையாளர் கைக்கு இலவசமாகப் போகும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளம்பரத் தாளை ஜனங்கள் கசக்கி எறிந்துவிடுவார்கள், சாமியை எறிய மாட்டார்கள். வருஷம் முழுக்க கடை பெயர் சுவரில் இருக்கும். அதனால் எந்தப் படம் வீட்டில் நிலைக்கும் என்று தெரிந்த ஓவியர்தான் அச்சகத்துக்கு வேண்டும். அந்த ஆளாக கொண்டையராஜு இருந்தார். தேதி கிழிந்து வருஷம் முடிந்த பிறகும், அடியில் இருந்த கடை பெயரை மட்டும் வெட்டிவிட்டு படத்தை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

தண்ணீரில் கரைத்த தெய்வங்கள்

'இதெல்லாம் ஆயில் பெயின்டிங்தானே?' என்று நினைப்பீர்கள். ரவிவர்மா (1848-1906) வரைந்தது எண்ணெய் வண்ணத்தில். அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி அதைப் பிரதி எடுத்தார். ஆனால் சிவகாசி கேலண்டர் ஓவியர்களிடம் அதிகம் புழங்கியது, அட்டையில் தண்ணீர் கலந்து தீட்டும் போஸ்டர் கலர். இதுவும் ஒருவகை நீர்வண்ணம்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வழக்கமான வாட்டர் கலரில் அடியில் இருக்கும் தாளின் வெள்ளை ஊடுருவித் தெரியும். போஸ்டர் கலர் கெட்டியாக மூடிவிடும்.

ஏன் இது? எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும், அதன் பளபளப்பு அச்சக கேமராவில் கண்ணை அடிக்கும். போஸ்டர் கலர் சட்டென்று காயும், பளபளக்காது, நிறம் பளிச்சென்று பதியும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் அச்சில் ஒரு முகம் பிறக்கிறது. மூலப் படம் மங்கலாக இருந்தால் அச்சில் அந்த முகம் செத்துப்போகும்.

கொண்டையராஜுவின் தனி முத்திரையைப் புரிந்துகொள்ள நாடக மேடைக்குத் திரும்ப வேண்டும். மேடையில் யாரும் ஜனங்களுக்கு முதுகைக் காட்ட மாட்டார்கள். அவர் வரைந்த தெய்வங்களும் அப்படித்தான், நேராக உங்களைப் பார்த்தே இருக்கும். பின்னால் தூண், மண்டபம், தோரணம் எல்லாம் சீன் திரை மாதிரியே விரியும். முகத்தில் ஓவியப் பள்ளியில் கற்ற ஒளி-நிழல். கழுத்திலும் காதிலும் கோயில் உற்சவ மூர்த்திக்குச் சாத்தும் நகைகள். கோயிலில் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்த சாமி, வீட்டுச் சுவரில் நிதானமாக நின்று தரிசனம் தந்தது.

அவருடைய 'மீனாட்சி கல்யாணம்' இதற்கு நல்ல உதாரணம். நடுவில் நாணத்தோடு மீனாட்சி, கைப்பிடிக்கும் சுந்தரேசர், தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கும் அழகர் பெருமாள். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபச் சிற்பத்தில் இருக்கும் அதே காட்சிதான். ஆனால் கல்லில் பார்த்ததை, அடுத்த தெருவில் நடக்கும் கல்யாணம் மாதிரி நெருக்கமாக்கியது இந்தப் படம். அவர் படங்களிலேயே அதிகமாக வீடுகளில் நுழைந்தவற்றில் இதுவும் ஒன்று.

கையெழுத்தைப் பங்குபோட்ட குரு

கோவில்பட்டி ஸ்டூடியோவில் அவரிடம் பழகி உருவானவர்கள் ஒரு பெரிய வரிசை. டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், ராமலிங்கம், சீனிவாசன், செண்பகராமன் என்று போகும். அடுத்த பல வருஷங்களுக்கு சிவகாசி கேலண்டர்களில் இவர்கள் கைவண்ணம்தான்.

பழைய படங்கள் சிலவற்றில் கொண்டையராஜு பெயரோடு சுப்பையா பெயரும் சேர்ந்தே இருக்கும். சீடன் உழைப்பை குரு தன் பெயரில் போட்டுக்கொள்வது கலை உலகத்தில் புதிதல்ல. இங்கே குருவின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சீடனுக்கும் இடம் கிடைத்தது. சொந்தக் குடும்பம் இல்லாதவருக்கு இந்தப் பையன்கள்தான் குடும்பம்.

பெயர் எங்கே போச்சு?

ஒரு படம் ஹிட் ஆனால் அது பல அச்சகங்களுக்குப் பரவும். யாரோ ஒருவர் அதைப் பார்த்து வரைவார், நிறத்தை மாற்றுவார், பின்னணியை வெட்டுவார். அப்படி வெட்டும்போது முதலில் போவது ஓரத்தில் இருக்கும் கையெழுத்துதான். முகம் மட்டும் ஆயிரம் பிரதிகளில் வாழும்.

இவரைப் பற்றி ஊன்றி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ். 1990-களில் கொண்டையராஜுவை ஒரு நவீன மாஸ்டராக முன்வைத்து அவர் கட்டுரை எழுதினார். 'கேலண்டர் ஆர்ட்' என்று நம் ஊரில் கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னதை, கடல் தாண்டி வந்த ஒருவர் கலையாகப் பார்த்தார்.

இது ஏதோ பழங்கதை இல்லை. நீங்க டிஜிட்டலில் வரைகிறவராக இருந்தால் இது உங்க பிரச்னையும்தான். இன்ஸ்டாவில் போட்ட ஓவியத்தை யாரோ கிராப் செய்து, வாட்டர்மார்க்கை அழித்து, ஸ்டேட்டஸில் வைத்ததைப் பார்த்திருப்பீங்க. ஏ.ஐ. நொடியில் உருட்டித் தரும் சாமி படங்கள் இப்போது வாட்ஸ்அப் குரூப் முழுக்க நிரம்பியிருக்கின்றன. அவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஓர் ஓவியத்துக்கான பதிப்புரிமை, வரைந்தவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பொதுவாக நீடிக்கும். 1976-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 2036 முடியும்வரை. அதைவிட முக்கியமான ஒன்று: உரிமையைக் காசுக்கு விற்றுவிட்டாலும்கூட, 'இதை வரைந்தது நான்தான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியை விட்டுப் போகாது. ஆர்டர் எடுத்து வரைகிற தம்பி தங்கைகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க.

இந்த வாரம் நீங்க செய்யலாம்

* பழைய சாமி படங்களின் நான்கு ஓரங்களையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்க. கையெழுத்து, அச்சகம், கடை பெயர் எல்லாமே தகவல்தான்.
* ஃபிரேமை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பழைய தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகம் உரிந்து வந்துவிடும்.
* வெயில் படும் சுவரிலிருந்து மாற்றி மாட்டுங்க. மை வெளுக்க வெயில் போதும்.
* வீடு மாறும்போது பழைய படங்களை ஆற்றிலோ மரத்தடியிலோ விடுவது வழக்கம். விடுவதற்கு முன்பு ஒரு நல்ல போட்டோவாவது எடுத்து வைங்க.
* பாட்டியிடம் 'இது எந்தக் கடை கேலண்டர்ல வந்தது?' என்று கேளுங்க. அரைமணி நேரக் கதை நிச்சயம்.

ஓரத்தில் அந்தப் பெயர் தென்பட்டால், போட்டோவை ஷேர் செய்யும்போது கேப்ஷனில் ஒரு வரி சேர்த்துவிடுங்க: 'ஓவியம்: கொண்டையராஜு, கோவில்பட்டி.'