தமிழ்நாட்டில் ஜெயித்த திட்டம் வங்கதேசத்தில் சறுக்கியது ஏன்?

வளர்ச்சித் திட்டங்களுக்குப் பணம் கொடுக்கும் சர்வதேச அமைப்புகள் அடிக்கடி சொல்லும் வார்த்தை 'கற்றல்'. ஒரு நாட்டில் கிடைத்த பாடத்தை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது என்று அர்த்தம். 1996-ல் உலக வங்கியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் வுல்ஃபென்சன், வங்கி இனி 'அறிவு வங்கி'யாகவும் இருக்கும் என்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாடம் என்று எதைக் கொண்டுபோகிறார்கள்?

தமிழ்நாட்டின் உதாரணத்தையே பார்ப்போம். உலக வங்கி உதவியுடன் 1980-ல் இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு. அம்மாவுக்கு, என்ன ஊட்டணும், எப்படி ஊட்டணும் என்று ஆலோசனை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. உலக வங்கி இதை வெற்றிக் கதையாகப் பேசியது.

1995-ல் ஏறக்குறைய இதே அமைப்பில் வங்கதேசத்தில் ஒரு திட்டம் வந்தது. ஆனால், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே 2005-ல் சொன்னது.

அம்மாக்கள் பாடத்தைக் கற்காமல் இல்லை. ஊட்டச்சத்து பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கூடியிருந்தது. ஆனால் அங்கே பல கிராமங்களில் சந்தைக்குப் போய் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி மாமியார் கையில். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யாத மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து வகுப்பு எடுத்திருக்கிறார்கள்! போதாக்குறைக்கு, மையத்தில் கொடுத்த சத்துணவைக் கணக்கில் வைத்து வீட்டுச் சாப்பாட்டைக் குறைத்த குடும்பங்களும் உண்டு.

'அங்கே பலித்தது' என்பதும் 'இங்கே பலிக்கும்' என்பதும் வேறு வேறு கூற்றுகள் என்று தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012-ல் வெளியான நூலில் விளக்க எடுத்துக்கொண்டது இந்தக் கதையைத்தான்.

குழந்தையின் சாப்பாட்டை அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள் என்பது தமிழ்நாட்டுத் திட்டத்தின் அஸ்திவாரம். இங்கே வேலை பார்த்த ஊழியருக்கு அது எழுதி வைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. எடை அட்டை, உணவு அளவு, பயிற்சிக் கையேடு எல்லாம் பயணம் போயின. அது மட்டும் போகவில்லை.