தேக் பகதூர் குருவின் திருத்தலங்கள்

சீக்கியர்தம் ஒன்பதாங் குருவாகிய தேக் பகதூர் 1621ஆம் ஆண்டில் அமிருதசரசிற் றோன்றினார். அவுரங்கசீபு ஆட்சியில், மதம் மாறும்படி நெருக்குண்ட காசுமீரத்து அந்தணர் அவரை அடைக்கலம் புகுந்தனர் என்பது சீக்கியர் வழிவழிக் கூறும் வரலாறு. 1675ஆம் ஆண்டில் தில்லிச் சாந்தினி சவுக்கில் அவர் தலை துணிக்கப்பட்டது. ஆண்டு நிற்குங் கோயில் சீஸ் கஞ்ச் எனப்படும். சீஸ் என்பது தலை. 'சீர்ஷம்' என்னும் வடசொல்லின் சிதைவு.

அத்தலையை ஜைதா என்னும் அன்பர் மறைத்தெடுத்து ஆனந்தபுரத்துக்குக் கொணர, இளமைந்தர் கோவிந்தர் தகனஞ் செய்வித்தார். ஆங்கும் அப்பெயரிற் கோயில் உளது. உடலை லக்கி ஷா என்னும் வணிகர் வண்டியிற் கரந்து கொண்டேகி, வெளிப்பட எரித்தல் இயலாமையின், தம் இல்லத்துள் வைத்து அவ்வில்லத்தையே எரியூட்டினர் என்ப. அவ்விடமே தில்லி ரகாப் கஞ்ச். 1783ஆம் ஆண்டில் தில்லியிற் படையொடு புக்க பகேல் சிங், அந்நகர்த் தலங்கள் இரண்டனையும் கோயிலாக எடுப்பித்தார்.

நூறாண்டு கழித்தெழுதிய பாரசீக நூலாசிரியர் குலாம் உசேன், குருவைக் கொள்ளையிட்ட கலகக்காரர் என்பர். கோவிந்தர் பேரால் வழங்கும் விசித்திர நாடகமோ, திலகமும் பூணூலும் காத்தற்பொருட்டே அவர் உயிர் நீத்தனர் என்னும். காலத்தால் அணித்தாகிய இச்சான்றே வலியுடைத்து.

ஆதிகுரு நானகர் இளமையிற் பூணூலை மறுத்தார் என்பது அவர் சரிதம். அவர் வழிவந்தார் ஒருவர், தாம் பூணாத நூலைப் பிறர் பூணும் உரிமைக்குத் தலை கொடுத்தார். தம் சமயம் காத்து மாய்ந்தார் பலர். பிறர் சமயம் காத்து மாய்ந்தார் அரியர்.