யார் அனுமதி கொடுக்கவேண்டும்? – மேடை ஏறவேண்டிய சில நாடகங்களைப் பற்றி ஒரு நீண்ட பதிவு



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து உட்காரும்போது படியுங்கள். உங்களில் பலர் இன்று தலைமையாசிரியர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள். சிலர் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறீர்கள். இரண்டு பேர் கல்யாண மண்டபமே கட்டிவைத்திருக்கிறீர்கள். ஆகவே இது வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

போன மாதம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் 'ரெண்டு கிளாஸ் – நாடகம்' என்று எழுதியிருந்தது. 1987-ஆம் ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவன் எழுதியது. அவன் ஊர் டீக்கடையில் இரண்டு விதமான கிளாஸ் உண்டு. எந்தத் தெருவுக்காரருக்கு எந்தக் கிளாஸ் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒரு பையன் கடையில் டீ கேட்கிறான். டீ மாஸ்டர் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸை வைத்துக்கொண்டு நிற்கிறார். எதில் ஊற்றுவது என்று தெரியவில்லை. அத்துடன் நாடகம் முடிகிறது. இருபது நிமிடம்தான் ஓடும்.

ஆண்டு விழா நாடகத்துக்கு அந்த வருடம் நான்தான் பொறுப்பு. படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு, "இது இந்த வருஷம் வேண்டாம்டா. விழாவுக்கு ஊர்ப் பெரியவங்க எல்லாம் வருவாங்க" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "பெரியவங்க வர்றதனாலதான அய்யா போடணும்?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் 'மனோகரா' தர்பார் காட்சியைப் போட்டோம். கைதட்டல் பலமாக இருந்தது. அவன் நோட்டைத் திருப்பி வாங்கவே இல்லை.

நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், நாடகத்துக்கு அனுமதி கேட்கும் கதை எங்கே தொடங்கியது என்று யோசித்தேன். வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாடம் இது.

1860-இல் தீனபந்து மித்ரா என்ற வங்க எழுத்தாளர் 'நீல் தர்ப்பண்' என்று ஒரு நாடகம் எழுதினார். அவுரித் தோட்டத் துரைமார்கள் குடியானவர்களை அடித்துச் சாகுபடி செய்யவைத்த கொடுமைதான் கதை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. அபராதத்தைக் கட்டியவர் காளிபிரசன்ன சிங்கா என்ற வங்க எழுத்தாளர். 1872-இல் கல்கத்தாவில் டிக்கெட் வைத்து அதை மேடையேற்றினார்கள். பிறகு வேல்ஸ் இளவரசரின் வருகையைக் கேலி செய்து ஒரு நாடகம் வந்தது. அரசு பொறுக்கவில்லை. 1876-இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. எந்த நாடகத்தையும் அவதூறு என்றோ அரச விரோதம் என்றோ சொல்லித் தடை செய்யலாம்.

நம் பக்கம் இந்தச் சட்டத்தை மார்பில் ஏற்றவர் விசுவநாததாஸ். சிவகாசிக்காரர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர். முருகனாக வேடம் போட்டுக்கொண்டு, 'வள்ளி திருமண'த்துக்கு நடுவே வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடுவார். போலீஸ் மேடைக்கே வரும். எத்தனையோ முறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. என் தாத்தா அவர் பாட்டைக் கேட்டவர். அதைச் சொல்லும்போதெல்லாம் திண்ணையில் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, சுதந்திரம் வந்ததும் சட்டம் போயிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? போகவில்லை.

1953-இல் லக்னோவில் இப்டா என்ற மக்கள் நாடகக் குழு ஒரு நாடகம் போட்டது. எது தெரியுமா? பிரேம்சந்தின் 'ஈத்கா'. பண்டிகைக் காசில் பொம்மை வாங்காமல், பாட்டியின் கை சுடக்கூடாதே என்று இடுக்கி வாங்கி வருவானே ஹமீது, அந்தக் கதை. நான் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அனுமதி ரத்து என்று உத்தரவு வந்தது. நடிகர்கள் நிறுத்தவில்லை. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை போய், 1956-இல் அந்தச் சட்டம் நம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது.

இதற்கிடையில் 1954-இல், எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் பெரும் சர்ச்சையாகிக் கிடந்தபோது, சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டிக்கொண்டு நிற்கும் நிலை இங்கே தொடர்ந்தது. 'பரீக்ஷா' குழுவை 1978-இல் தொடங்கிய ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2018 தொடக்கத்தில். அதே ஜனவரியில்தான் ஞாநியும் காலமானார்.

இதையெல்லாம் கோத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 1987-இல் என்னிடம் எந்தப் போலீஸ்காரரும் பிரதி கேட்கவில்லை. தலைமையாசிரியர் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாடகம் இருப்பதையே அறியமாட்டார்கள். தடை போட்டவன் நான் ஒருவன்தான். சட்டத்தை நீதிமன்றம் நீக்கிவிட்டது. நம் மனதுக்குள் இருக்கும் அதிகாரியை யார் நீக்குவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பயந்துகொண்டு 'மனோகரா' போட்டுக்கொண்டிருந்த காலத்தில் தமிழில் நாடகம் சும்மா இருக்கவில்லை. 1977-இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜமும் கேரளத்து சங்கரப்பிள்ளையும் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். அதே ஆண்டு ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 1980-இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து, திரைச்சீலையும் விளக்கும் இல்லாமல் நாடகம் போடக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்றைய நாடகம். அதிலிருந்து, நான் படித்தும் பார்த்தும் கேட்டும் அறிந்த ஐந்தை உங்களுக்குச் சொல்கிறேன். படிக்கிறவர்களுக்கும் ஆகும், மேடையேற்றுகிறவர்களுக்கும் ஆகும்.

1. 'தண்ணீர் தண்ணீர்' – கோமல் சுவாமிநாதன், 1980. எல்லோருக்கும் பாலசந்தர் படம் தெரியும். அது 1981. நாடகம்தான் முந்தியது. நம்ம கரிசல் பக்கத்து வறண்ட ஊர்தான் அத்திப்பட்டி. ஊரே சேர்ந்து தண்ணீர் கொண்டுவர முயல்வதும், அதை அரசு இயந்திரம் எப்படி நடத்துகிறது என்பதும் கதை. இன்றைக்கும் கோடையில் குடத்தோடு நிற்கும் ஊரில் போட்டால் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிருக்காது. பாத்திரங்கள் அதிகம் என்பதால் கல்லூரிகளுக்கு ஏற்றது.

2. 'நந்தன் கதை' – இந்திரா பார்த்தசாரதி, 1978. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைப் பாட்டாகக் கேட்டு உருகியவர்கள் நாம். அந்தத் தீ தெய்வச் செயலா, மனிதர்களின் சூழ்ச்சியா என்று கேட்கிறார் இ.பா. பழியை ஒரு சாதியின் தலையில் மட்டும் போட்டுவிட்டுத் தப்பிக்க அவர் யாரையும் விடுவதில்லை. அதனால்தான் இது கஷ்டமான நாடகம். ஆடவும் பாடவும் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் எடுங்கள். அவருடைய 'ஔரங்கசீப்'பையும் கூடவே படியுங்கள்.

3. 'மண் சுமந்த மேனியர்' – குழந்தை ம. சண்முகலிங்கம், 1985. யாழ்ப்பாணத்து ஆசிரியர். சிதம்பரநாதன் இயக்கி, யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தது. போர் வாசலுக்கு வந்துவிட்ட காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் பட்ட பாட்டை, அதே மக்கள் முன்னால் நடித்துக் காட்டினார்கள். பேச்சு வழக்கு வேறு என்று தயங்கவேண்டாம். இரண்டு முறை வாய்விட்டு வாசித்தால் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

4. 'ஔவை' – இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கியது. ஔவை என்றால் கோலூன்றிய கிழவி என்றுதான் நானும் முப்பத்தைந்து வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் புறநானூற்று ஔவை வேறு. அதியமானோடு கள் உண்டவள், தொண்டைமானிடம் தூது போனவள், ஊர் ஊராகத் தன் கால்போக்கில் நடந்த பாணர் மகள். இன்குலாப் அந்த இளம் ஔவையை மேடைக்குக் கொண்டுவந்தார். பெண்கள் பள்ளி, பெண்கள் கல்லூரியில் இருக்கும் என் மாணவிகளே, இது உங்களுக்கு.

5. 'மொளகாப்பொடி' – பாமாவின் சிறுகதை. ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கத்தில் கட்டியக்காரி குழு நாடகமாக்கியது. தன் நிலத்தில் புல்லறுக்க வரும் ஏழைப் பெண்கள் மீது மிளகாய்ப் பொடியை வீசும் நிலக்காரி. அந்தப் பெண்கள் அழுதுகொண்டு போகிறவர்கள் இல்லை. சிரிக்கவைத்துக்கொண்டே சுடும் கதை. செலவும் குறைவு. ஐந்தில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பட்டியல் இத்துடன் முடியவில்லை. கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் முருகபூபதியின் மணல்மகுடி இருக்கிறது. திருநங்கையரும் திருநம்பியரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்துக்காட்டும் குழுக்கள் வந்திருக்கின்றன. தேடிப் போய்ப் பாருங்கள்.

போடப்போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. எழுதியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அனுமதி வாங்குங்கள். கேட்கவேண்டிய ஒரே அனுமதி அதுதான். பெரிய மேடை, வாடகை செட், ஜிகினா உடை எதுவும் வேண்டாம். பாதல் சர்க்கார் வெறும் தரையில் போட்டுக் காட்டினார். முதல் ஒரு வாரம் நடிக்கவிடாமல் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கவையுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களோ, அந்த இடம்தான் நாடகத்தின் உயிர். முடிந்ததும் பார்த்தவர்களோடு அரைமணி நேரம் பேசுங்கள். சண்டை வரலாம். வரட்டும். சண்டை போட்டுப் பேசுகிறவன் நாடகத்தைப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

பிரச்சினையே வராது என்று உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். சஃப்தர் ஹாஷ்மியை 1989 புத்தாண்டு நாளில், தில்லிக்குப் பக்கத்தில் தெருநாடகம் ஆடிக்கொண்டிருந்த இடத்திலேயே தாக்கினார்கள். மறுநாள் இறந்தார். ஜனவரி 4-ஆம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை ஆடி முடித்தார். உங்களை அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டு விழாவில் இருபது நிமிடம் கொடுக்க நான் பயந்தேனே, அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

நோட்டு கிடைத்த மறுநாள், அவனோடு படித்தவர்களிடம் விசாரித்து நம்பர் வாங்கி அவனைக் கூப்பிட்டேன். திருப்பூரில் இருக்கிறான். பேரன் எடுத்துவிட்டானாம். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"உன் நாடகம் எங்கிட்டதான்டா இருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதை இன்னும் வச்சிருக்கீங்களா அய்யா?"

"வச்சிருக்கேன். அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு."

"அட, விடுங்கய்யா" என்றான். பிறகு, "ஊருக்குப் போயிருந்தேன் அய்யா. அதே கடை இருக்கு. இப்ப ரெண்டு கிளாஸ் கிடையாது. அவங்களுக்குக் கிளாஸ், எங்களுக்குப் பேப்பர் கப்" என்றான்.

கேட்டால் சுத்தத்துக்காக என்று சொல்வார்களாம்.

நாடகத்தைப் போடலாமா என்று கேட்டேன். கடைசிக் காட்சியை மட்டும் மாற்றி எழுதித் தருகிறேன் என்றான். எழுதிக்கொண்டிருக்கிறான். நோட்டை நகல் எடுத்து அனுப்பிவிட்டேன். மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

என் பிள்ளைகளே, இதுதான் நான் கேட்க வந்தது. மேலே சொன்ன ஐந்தில் ஒன்றையாவது இந்த வருடம் உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ திருவிழாவிலோ போடுங்கள். ஆறாவதாக, முப்பத்தெட்டு வருடம் தாமதமான ஒரு இருபது நிமிட நாடகம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்கு யார் மேடை கொடுப்பீர்கள்? எனக்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எடுப்பேன்.

பெரியவர்களையும் கட்டாயம் அழையுங்கள். முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா