புற்றுநோயாளியின் சுரம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராயிருந்த காலத்து, அங்கிருந்து இரு மருந்துகள் வெளிப்போந்தன. ஒன்று அமினோப்டெரின், 1947-48இல் பாஸ்டன் நகரத்து ஃபார்பர் அதனைக்கொண்டு இரத்தப்புற்றுற்ற குழந்தைகள் சிலரின் நோயைச் சின்னாட்களேனும் தணித்தார். மற்றொன்று, 1948இல் வெளியான ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி. ஒரே கூடத்தில் இவ்விரண்டும் பிறந்தமை பொருத்தமே என்போம். புற்றை அழிக்கும் மருந்து, உடலைக் காக்கும் வெள்ளணுக்களையும் உடனழிக்கின்றது. அவை குறையக் குறையத் தொற்று பெருகுவதை 1966இல் போடி முதலானோர் கணக்கிட்டுக் காட்டினர். இன்ன கிருமியெனச் சோதனை சொல்லுமுன் நோயாளி மாண்டுபோவதும் உண்டு. ஆதலின், சுரம் கண்டவுடனே கிருமிக்கொல்லி ஏற்றிப் பலன் கண்டதை 1971இல் ஷிம்ப்ஃப் குழுவினர் வெளியிட்டனர்.

நிற்க. பினாங்கு மருத்துவமனைகளில் மருந்தேற்றிக்கொண்டு, பாலங் கடந்து செபராங் பிறைத் தோட்டங்களுக்குத் திரும்பும் நம் தாய்மார், மறுவாரம் உடல் கொதித்தால் என் செய்கின்றனர்? பனடோல் விழுங்கிச் சுரத்தை மறைக்கின்றனர். அல்லது திருநீறிட்டு விடியலை நோக்கியிருக்கின்றனர். வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகத் தாழ்வது, மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள்ளேயாம். அந்நாட்களில் சூடு 38 பாகையைத் தொட்டால், நள்ளிரவாயினும் புறப்படல் வேண்டும். வண்டிக்கூலியை முதல்நாளே முடிந்துவைத்தல் நலம்.